பட்டம் தப்பும் நெல்

தை மாதக் கடைசியில் மன்னார்குடி, நீடாமங்கலம், குத்தாலம் பக்கம் பேருந்தில் போனால் தார்ச்சாலையில் பாதி நெல்லாகத்தான் இருக்கும். ஓரமாகக் கல்லை வரிசையாக வைத்து, உள்பக்கம் நெல்லைக் கொட்டி, காலாலேயே கோடு இழுத்துக் கிளறிக்கொண்டிருப்பார்கள். பேருந்து ஓட்டுநர் ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கிப் போவார். அவர் வீட்டு நெல்லும் எங்கோ ஒரு சாலையில் காய்ந்துகொண்டிருக்கும்.

காயப்போடுவது, சற்றுத் தள்ளி இருக்கிற நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்காக. அங்கே ஒரு கைப்பிடி நெல்லை ஈரப்பதம் பார்க்கும் மீட்டரில் போடுவார்கள். 17 சதவீதத்துக்குள் காட்டினால் தூற்றி, எடை போட்டு, மூட்டை பிடித்துவிடுவார்கள். 19, 20 என்று காட்டினால், "காயப்போட்டு எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். வெயிலே இல்லாத வாரத்தில் எங்கே காயப்போடுவது? சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு களத்தில் வயதான ஓர் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். நான்கு நாளாகப் படுதாவைப் போர்த்துவதும் எடுப்பதுமாக அங்கேயே கிடக்கிறார். "கையை உள்ள விட்டுப் பாருங்க தம்பி" என்றார். முழங்கை வரை விட்டேன். குவியலுக்குள்ளே காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டது போலச் சூடு. வெளியே எடுத்த பிடியில் நான்கைந்து மணிகளில் வெள்ளையாக முளை கிளம்பியிருந்தது.

அந்த 17 என்ற எண் விவசாயியை வதைப்பதற்காக வைத்தது இல்லை. ஈரம் கூடிய நெல்லைக் கிடங்கில் அடுக்கினால் உள்ளே சூடேறும், பூசணம் பிடிக்கும், அரைத்தால் அரிசி நொறுங்கும், பழுப்பேறும். ரேஷன் கடைக்குப் போக வேண்டிய அரிசி அது. விதியில் நியாயம் இருக்கிறது. ஆனால் தை பிறந்தால் மழை விட்டுவிடும், அறுவடை நேரத்தில் வெயில் அடிக்கும் என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்த விதி நிற்கிறது. அந்த நம்பிக்கை இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது.

பருவநிலை மாற்றம் என்றதும் வறட்சி, வெள்ளம், பனிமலை உருகுவது என்று பேச்சு போகிறது. காவிரி டெல்டாவில் நின்று பார்த்தால் எனக்கு அது முதலில் நாட்காட்டிப் பிரச்சினையாகத் தெரிகிறது. ஆண்டு மழைக் கணக்கு சரியாக இருக்கிற ஆண்டிலும் நெல் போய்விடுகிறது. பெய்ய வேண்டிய நாளில் பெய்யாமல், பெய்யக்கூடாத நாளில் பெய்வதால் போகிறது. 'பட்டம் தப்பிப்போச்சு' என்று விவசாயிகள் இரண்டே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். பட்டம் என்றால் பயிருக்கு உரிய பருவம்.

அந்தப் பட்டம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீரை நம்பிக் குறுவை நடுவார்கள். 105 முதல் 115 நாள் பயிர். ஐப்பசி மழை கொட்டுவதற்கு முன் அறுத்துவிட வேண்டும். குறுவை அறுத்த வயலில் தாளடி. குறுவை போடாத வயலில் ஆவணி, புரட்டாசியில் சம்பா. சம்பாவும் தாளடியும் ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்துத் தூர் கட்டி, மார்கழிப் பனியில் பால் பிடித்து, பொங்கலை ஒட்டி முற்றும். ஜனவரி 28-ல் அணையை மூடுவார்கள். குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழை ஆற்று வழியாக வந்து குறுவையைக் காப்பாற்றும். வடகிழக்குப் பருவமழை நேரடியாக வயலில் இறங்கிச் சம்பாவைக் காப்பாற்றும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான அந்த மூன்று மாதத்தில்தான் கிடைக்கிறது. இரண்டு பருவமழைகளை ஒரே வயலில் அடுத்தடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு இது. நெல் ரகங்களின் வயது, முறை வைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனம், நடவு ஆட்களின் இடப்பெயர்வு, கூட்டுறவுச் சங்கக் கடனின் தவணை எல்லாமே இந்தத் தேதிகளை ஒட்டித்தான் அமைந்திருக்கின்றன.

இப்போது மேட்டூர் திறந்த தேதிகளைப் பாருங்கள். 2016-ல் செப்டம்பர் 20. 2017-ல் அக்டோபர் 2. 2018-ல் ஜூலை 19. 2019-ல் ஆகஸ்ட் 13. 2020, 2021-ல் சரியாக ஜூன் 12. 2022-ல் அணை முன்கூட்டியே நிரம்பியதால் மே 24. சுதந்திரத்துக்குப் பிறகு ஜூனுக்கு முன்பே திறந்தது அதுதான் முதல்முறை. 2023-ல் ஜூன் 12-ல் திறந்து, தண்ணீர் தீர்ந்துபோய் அக்டோபர் 10-லேயே மூடினார்கள். 2024-ல் ஜூலை 28. 2025-ல் மறுபடி ஜூன் 12. பத்து ஆண்டில் பாதிக்கு மேல் தேதி தவறியிருக்கிறது. இதில் கர்நாடகத்தோடு இருக்கிற நீர்ப்பங்கீட்டுச் சிக்கலுக்குப் பெரிய பங்கு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கு 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) என்று தீர்ப்புச் சொன்ன பிறகும், மழை குறைந்த ஆண்டில் ஒவ்வொரு டி.எம்.சி.க்கும் போராட வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தச் சண்டை முற்றுவது எந்த ஆண்டில் என்று கவனித்தால், மலையில் மழை பொய்த்த ஆண்டில்தான்.

2024-ஐ எடுத்துக்கொள்வோம். ஜூலை தொடக்கத்தில் மேட்டூரில் 40 அடியையொட்டித்தான் தண்ணீர் இருந்தது. குறுவை நாற்றங்காலுக்கே வழியில்லை. ஜூலை 30 அன்று அணை 120 அடி நிரம்பிவிட்டது. நான்கு வாரத்தில் 80 அடி. அதே நாள் அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் புதைந்தன. ஒரே மலைத்தொடர், ஒரே மழை. அங்கே உயிர்களைக் கொண்டுபோன மழை இங்கே அணையை நிரப்பியது. டெல்டாவில் அந்தத் தண்ணீர் வந்து சேர்ந்தபோது குறுவைக்குப் பட்டம் முடிந்திருந்தது.

2018 இன்னும் கொடுமையான ஆண்டு. அதற்கு முந்தைய 2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்து, டெல்டா விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டையோடுகளோடு உட்கார்ந்து போராடி முடித்திருந்தார்கள். 2018 ஜூலையில் மேட்டூர் நிரம்பியதும் ஊரெல்லாம் மகிழ்ச்சி. ஆகஸ்டில் வெள்ளம் தாங்காமல் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் மதகுகள் அடித்துக்கொண்டு போயின. கொள்ளிடத்தில் கரைபுரண்டு தண்ணீர் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தபோது பாசனத்தின் கடைசி முனையில் இருக்கிற கடைமடைக்காரர்கள் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று மறியல் செய்தார்கள். நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. நெல் போனால் அடுத்த பட்டம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். தென்னை போனால் புதுக்கன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டு ஆகும். அதுவரை அந்தக் குடும்பத்துக்கு வருமானம் எங்கிருந்து வரும்?

ஒரே ஆண்டில் வறட்சியும் வெள்ளமும் எப்படி வருகிறது என்று கேட்பவர்கள் உண்டு. பசிபிக் கடலின் நடுப்பகுதி சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை நாடு முழுவதும் பலவீனமாவது வழக்கம். ஆனால் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை அதே ஆண்டுகளில் பலமாகப் பெய்யும் போக்கு இருக்கிறது. டெல்டா இரண்டையும் நம்பி இருப்பதால் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது: கோடையில் ஆற்றில் தண்ணீர் இல்லை, ஐப்பசியில் வயலில் தண்ணீர் வடியவில்லை. 2023 அப்படித்தான் போனது. கர்நாடகத்தில் மழை குறைந்து இங்கே குறுவை தண்ணீர் இல்லாமல் தவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணிக் கரை வயல்கள் மூழ்கின. எல் நினோ பழங்காலந்தொட்டு வந்து போகிற ஒன்று. அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிற சூடுதான் புதிது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது சுமக்கும் ஈரம் ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். கடலும் சூடாகியிருப்பதால் அந்த ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அதனால் மழை நாட்கள் குறைந்தாலும், பெய்கிற நாளில் பேய்மழையாகப் பெய்கிறது.

2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் பெய்தது. வடகிழக்குப் பருவமழையில் தமிழ்நாட்டுக்கு மூன்று மாதம் முழுவதும் கிடைக்கிற சராசரி அளவே அவ்வளவுதான். நட்டு ஒரு மாதம்கூட ஆகாத சம்பாப் பயிர் தண்ணீருக்கு அடியில் போனது. நெல் தண்ணீரில் நிற்கும் பயிர்தானே என்று நினைக்கக்கூடாது. வேர் தண்ணீரில் இருக்கலாம். இலையின் நுனியாவது காற்றில் இருக்க வேண்டும். முழுதாக மூழ்கினால் மூச்சு விட முடியாமல், வெளியே தலைகாட்ட வேண்டும் என்று சேமித்த சத்தையெல்லாம் செலவழித்து உயரமாக வளரப் பார்க்கும். ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் வடிந்தால் சோர்ந்து அப்படியே படுத்துவிடும்.

தண்ணீர் ஏன் ஒரு வாரம் நிற்கிறது என்ற கேள்வியில்தான் நம் பொறுப்பு வருகிறது. டெல்டாவின் வாய்க்கால்களில் ஒரு விசித்திரம் உண்டு. மேலே இருக்கிற ஊரின் வடிகால், கீழே இருக்கிற ஊருக்குப் பாசன வாய்க்கால். மேலே தண்ணீர் வடிய வேண்டுமென்றால் கீழே எல்லாமே திறந்து, தூர் இல்லாமல் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 12-க்கு முன் அவசர அவசரமாகத் தூர்வாருகிறார்கள், நல்லது. ஆனால் அது தண்ணீர் வருவதற்கான தூர்வாரல். தண்ணீர் போவதற்கான தூர்வாரல் புரட்டாசியில் நடக்க வேண்டும். அப்போது வடிகால்களில் ஆகாயத்தாமரை கம்பளம் விரித்தது போல மூடிக்கிடக்கும். டெல்டாவின் வெள்ளச் சேதத்தில் ஒரு பகுதி வானத்திலிருந்து வருவதில்லை, இந்த ஆகாயத்தாமரையிலிருந்து வருகிறது என்பது என் எண்ணம்.

வெள்ளமும் வறட்சியும் கண்ணுக்குத் தெரிபவை. சூடு நெல்லுக்குள்ளே செய்கிற வேலை தெரியாது. நெற்கதிர் பூப்பது காலை நேரத்தில். ஒவ்வொரு பூவும் ஒரு மணி நேரம் அளவுக்குத்தான் திறந்திருக்கும், பிறகு மூடிக்கொள்ளும். அந்த ஒரு மணி நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் செத்துவிடும். பயிர் பச்சைப் பசேலென்று நிற்கும், கதிரும் நீளமாக இருக்கும். அறுத்துத் தூற்றும்போதுதான் பாதி பதராகப் பறப்பது தெரியும். உரம் சரியில்லையோ, விதை சரியில்லையோ என்று சந்தேகப்படுவார்கள். பூத்த வாரத்தின் வெயிலை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

இதைவிடக் கள்ளத்தனமானது இரவுச் சூடு. பகலில் இலை வெயிலைக் கொண்டு சர்க்கரை சேர்க்கிறது. இரவில் பயிர் மூச்சுவிடுவதற்காக அதில் கொஞ்சம் எரிக்கிறது. இரவு குளிர்ச்சியாக இருந்தால் குறைவாக எரிக்கும், மீதி மணிக்குள் போகும். இரவு சூடாக இருந்தால் சேர்த்ததையெல்லாம் எரித்துவிடும். மார்கழிப் பனியில் சம்பா மணி திரளும் என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் இந்த அறிவியல் இருக்கிறது. பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்களில் நடந்த ஆய்வு 2004-ல் வெளிவந்தது. இரவு நேரக் குறைந்தபட்ச வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் வறண்ட பருவ நெல்லின் விளைச்சல் 10 சதவீதம் குறைகிறது என்று அது கண்டது. ஒரு மா நிலத்தில் பத்து மூட்டை எடுக்கிறவருக்கு ஒரு மூட்டை காற்றோடு போகிறது. மூன்று மா ஓர் ஏக்கர் என்பதால், ஏக்கருக்கு மூன்று மூட்டை. யாரும் திருடவில்லை, பூச்சி தின்னவில்லை, வெள்ளம் கொண்டுபோகவில்லை. இதற்கு நிவாரணம் கேட்கக்கூட முடியாது.

பூச்சியும் நோயும் தங்கள் பங்குக்கு வருகின்றன. மேகமூட்டமும் புழுக்கமும் நீண்டால் புகையான் பூச்சி பெருகும், குலைநோய் வரும். பூக்கும் நேரத்தில் தூறல் விடாமல் இருந்தால் நெற்பழம் என்ற நோய் வரும். மணி இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் பந்து மாதிரி உருண்டை, தொட்டால் மாவு மாதிரி கையில் ஒட்டும். அந்தக் காலத்தில் நல்ல விளைச்சல் உள்ள வயலில்தான் இது தென்படும் என்று 'லட்சுமி நோய்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். இப்போது அதைப் பார்த்து யாரும் லட்சுமி வந்தாள் என்று சொல்வதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காற்றில் கரியமில வாயு கூடினால் பயிர் செழிக்கும் என்று ஒரு வாதம் உண்டு. ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், சீனாவிலும் ஜப்பானிலும் 18 நெல் வகைகளைத் திறந்த வயலில், இந்த நூற்றாண்டுக்குள் எட்டிவிடும் என்று எதிர்பார்க்கிற கரியமில வாயு அளவில் வளர்த்துப் பார்த்தார்கள். அரிசியில் புரதம் சுமார் 10 சதவீதம், இரும்புச்சத்து 8 சதவீதம், துத்தநாகம் 5 சதவீதம் குறைந்திருந்தன. பி வைட்டமின்களும் குறைந்தன. தட்டில் சோற்றின் அளவு அப்படியே இருக்கும், சத்து மட்டும் இறங்கியிருக்கும். மூன்று வேளையும் அரிசியை நம்பி இருக்கிற வீட்டுக்குத்தான் இது முதலில் உறைக்கும்.

புரதம் என்றதும் டெல்டாவின் உளுந்தைச் சொல்லாமல் விட முடியாது. நெல்லைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தையோ பச்சைப் பயறையோ கையால் தெளிப்பார்கள். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். கால் வைத்தால் தடம் விழ வேண்டும், தண்ணீர் ஊறக்கூடாது. நெல்லை அறுக்கும்போது இரண்டிலையாக உளுந்து தலைகாட்டியிருக்கும். அதன் பிறகு உழவு இல்லை, பாசனம் இல்லை, உரம் இல்லை. மண்ணில் மிச்சமிருக்கிற ஈரத்திலும் பனியிலும் வளர்ந்து, 65, 70 நாளில் காசாகிவிடும். நெல்லில் போட்டது நெல்லோடு போனாலும், வீட்டுச் செலவுக்கு உளுந்து கைகொடுக்கும். வீட்டு இட்லிக்கும் அதுதான்.

இந்த ஏற்பாடு முழுவதும் தையில் மழை இல்லை என்பதை நம்பித்தான் நடக்கிறது. 2021 ஜனவரியில் பெய்தது, 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் பெய்தது. கதிர் முற்றிய நெல் தண்ணீரில் சாய்ந்து முளைத்தது ஒரு நஷ்டம். தெளித்த உளுந்து அழுகியது இரண்டாவது நஷ்டம். வயல் சேறானதால் டயர் வண்டி இறங்க முடியாமல் பெல்ட் வைத்த அறுவடை இயந்திரத்தை வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது மூன்றாவது. அதற்கு மணிக்கு வாடகை அதிகம். சாய்ந்த பயிரை அறுக்க நேரமும் கூடுதல். அந்த பெல்ட் போன தடத்தில் தப்பிப் பிழைத்த உளுந்தும் சேற்றுக்குள் போய்விடும். இரண்டு நாள் மழை ஒரு குடும்பத்தின் அரிசி, பருப்பு இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. அறுவடைக்கும் பயறு பறிக்கவும் கூலிக்குப் போகிற பெண்களுக்கு வயலே இல்லை. அவர்களுக்குப் போவது வேலை நாள். எந்தச் சேதக் கணக்கெடுப்பிலும் அந்த நாட்கள் வருவதில்லை.

கடலோரத்தில் உப்பு. வேதாரண்யம், தலைஞாயிறு, கீழையூர்ப் பக்கம் நிலம் கடல் மட்டத்தைவிட அதிகம் உயரமில்லை. ஆற்றில் தண்ணீர் அழுத்தமாக வந்தால் கடல் பின்வாங்கி நிற்கும். ஆறு வறண்டால் கடல் உள்ளே ஏறும். அணைகள் வண்டலைத் தடுத்துவிட்டன, ஆற்று மணலை நாம் அள்ளிவிட்டோம், நிலத்தடி நீரை உறிஞ்சுகிறோம், இதோடு கடல் மட்டமும் உயர்கிறது. புயல் ஒரு தடவை கடல் நீரை வயலில் ஏற்றிவிட்டால் அடுத்த நல்ல மழை கழுவிவிடும் வரை நாற்று கருகும்.

இத்தனையும் டெல்டாக்காரர்கள் கவலை என்று மற்றவர்கள் இருந்துவிட முடியாது. உணவுப் பாதுகாப்பு என்பதில் விளைவது ஒரு பகுதிதான். விளைந்தது கைக்கு வந்து சேர வேண்டும், வாங்கக் காசு இருக்க வேண்டும், உடம்பில் ஒட்ட வேண்டும், இதெல்லாம் ஆண்டுதோறும் தவறாமல் நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் வருமான வேறுபாடு பார்க்காமல் எல்லாருக்கும் ரேஷன் இருக்கிறது. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். அந்த ஏற்பாடு இருப்பதால்தான் 2016, 2017 வறட்சி இங்கே பசியாக மாறவில்லை. இதைப் பெரிய சாதனையாகவே நினைக்கிறேன். ஆனால் ரேஷன் அரிசி எங்கிருந்தோ வர வேண்டும். இங்கே குறைந்தால் வடக்கிலிருந்து வரும்; வடக்கிலும் குறைந்தால்?

அந்த நிலைமை எப்படி இருக்கும் என்று ஓரளவு பார்த்துவிட்டோம். 2022 மார்ச், இந்தியாவில் 122 ஆண்டுகளில் இல்லாத சூடான மார்ச். கோதுமை பால் பிடிக்கிற நேரம் அது. மணி சுருங்கியது, மே 13-ல் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அடுத்த ஆண்டு மழை சீரில்லை என்றதும் 2023 ஜூலை 20-ல் பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை. உலகச் சந்தைக்கு வரும் அரிசியில் 40 சதவீதம் இந்தியாவிலிருந்து போகிறது. அந்த வாரம் அமெரிக்காவில் நம் ஆட்கள் இந்தியக் கடைகளில் சோனா மசூரி மூட்டைக்கு முண்டியடித்த காட்சிகளைப் பார்த்திருப்பீர்கள். அவர்களாவது நாலு மூட்டை வாங்கி அடுக்கிவைக்க முடிந்தது. இந்திய அரிசியை நம்பிக் கஞ்சி வைக்கிற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் அந்த வசதி எத்தனை பேருக்கு இருக்கும்? 2024 செப்டம்பர் 28 வரை அந்தத் தடை நீடித்தது.

சரி, என்ன செய்யலாம்? கையில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. ஒடிசாவின் ஒரு பழைய நெல்லிலிருந்து வந்த எஃப்.ஆர்.13ஏ என்ற வகையில், மூழ்கினால் வளர்ச்சியை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிற குணம் இருந்தது. அந்த மரபணுவைப் புது ரகங்களில் ஏற்றி 'சப்-1' ரகங்களை உருவாக்கினார்கள். இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் பிழைக்கும். டெல்டாவில் பழகிய சி.ஆர். 1009 ரகத்திலேயே சப்-1 வந்துவிட்டது. பழைய ரகங்களை யாரோ ஒரு ஊரில் விடாமல் விதைத்து வைத்திருந்ததால்தான் இது முடிந்தது. திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் ஊர் ஊராக அலைந்து நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் திரட்டியதை ஏதோ பழமை மோகம் என்று பேசியவர்கள் உண்டு. உப்பு தாங்கும் குழியடிச்சான், தண்ணீரில் நிற்கும் காட்டுயானம் போன்றவை நம் காலத்துக்கு விட்டுவைத்த சேமிப்பு. பாரம்பரிய ரகமே எல்லாவற்றுக்கும் மருந்து என்றும் நான் சொல்ல மாட்டேன். விளைச்சல் குறைவு, கொள்முதல் நிலையத்தில் அதற்கென்று தனி விலை இல்லை.

தண்ணீரில் காய்ச்சலும் பாய்ச்சலும் என்ற முறை இருக்கிறது. ஓட்டை போட்ட ஒரு குழாயை வயலில் புதைத்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் அடுத்த தண்ணீர் விடுவது. தண்ணீர் மிச்சமாகும். எப்போதும் தண்ணீர் தேங்கிய வயலின் சேற்றிலிருந்து மீத்தேன் வாயு கிளம்புகிறது. மனிதச் செயல்களால் வெளியாகும் மீத்தேனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நெல் வயல்களிலிருந்துதான். வயலை இடையிடையே காய விட்டால் அதுவும் பெருமளவு குறையும். ஆனால் முறைப்பாசனத்தில் அடுத்த முறை தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாதவர், வந்த தண்ணீரைக் கட்டி வைத்துக்கொள்ளத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் வரும் நாளை உறுதியாகச் சொல்லுங்கள், அப்புறம் காயப்போடச் சொல்லலாம்.

காப்பீட்டிலும் இதே கோளாறு. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பொதுவாக வருவாய்க் கிராமத்தின் சராசரி விளைச்சலை வைத்துத்தான் இழப்பீடு. ஊரின் மேட்டு வயல் தப்பித்தால் பள்ளத்து வயல்காரருக்கு ஒன்றும் வராது. தனி வயலின் சேதத்தைப் பார்க்கிற பிரிவில் இருந்து, நெல் மூழ்குவதை 2018-ல் நீக்கிவிட்டார்கள். 2026 காரீஃப் (மழைக்காலச் சாகுபடி) பருவத்திலிருந்து மறுபடி சேர்ப்பதாக 2025 நவம்பரில் அறிவித்திருக்கிறார்கள். வெள்ளம் அதிகமாக வந்த அந்த ஆண்டுகளில்தான் அந்தப் பாதுகாப்பு இல்லாமல் இருந்தது. 2023 பிப்ரவரி மழைக்கு மாநில அரசு 33 சதவீதத்துக்கு மேல் சேதமான பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் கொடுத்தது, ஏக்கருக்கு 8,000. அறுக்கிற நிலைக்கு வந்த பயிருக்கு அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் செலவாகியிருக்கும். கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர் பெயரில் அடங்கல் என்ற சாகுபடிப் பதிவு இல்லாவிட்டால் அந்த 8,000-மும் வேறொருவர் கணக்குக்குப் போகும்.

களத்தில் பார்த்த அந்த அம்மா நெல்லை ஒரு தனியார் வியாபாரியிடம் போட்டார். அரசு விலையில் முக்கால் பங்குகூடக் கிடைக்கவில்லை. பேரம் பேசவே இல்லை. மொத்தத்தையும் எடுப்பீர்களா என்று மட்டும்தான் கேட்டார்.

மழையில் நனைந்த ஆண்டுகளில் எல்லாம் ஒரே வரிசையில்தான் காரியங்கள் நடக்கின்றன. மாநில அரசு ஈரப்பதத்தை 22 சதவீதம் வரை தளர்த்தக் கேட்டு டெல்லிக்குக் கடிதம் எழுதுகிறது. அங்கிருந்து குழு வருகிறது. கொள்முதல் நிலையங்களில் மாதிரி எடுத்துப் போகிறது. அதன் பிறகு பெரும்பாலும் இரண்டு மூன்று புள்ளி தளர்த்தி ஆணை வருகிறது. எத்தனை சதவீத ஈரத்துக்கு எவ்வளவு விலை பிடித்தம் என்று ஒரு பட்டியலைப் பருவம் தொடங்கும்போதே அறிவித்துவிட்டால் குழுவுக்கே வேலை இருக்காது. நான்கைந்து கொள்முதல் நிலையங்களுக்கு ஓர் உலர்த்தும் இயந்திரம், மேலே ஒரு கூரை, அவ்வளவுதான் கூடுதல் செலவு. இப்போதைய முறையில் ஆணை வந்து சேர்வதற்குள் சாலையில் கிடந்த நெல்லில் பெரும்பகுதி கைமாறிவிடுகிறது.